வலது காது

என் கல்யாணத்தன்று மாலை ஐந்தே முக்காலுக்கு மூன்று பெண் மான்கள் சுடப்பட்டதாக ஒரு காகிதம் சொன்னது. மாவட்ட அலுவலகத்தின் வேட்டைப் பிரிவில் என் மேசைக்கு வந்த பட்டியல் அது. திகதி, நேரம், ஆணா பெண்ணா குட்டியா, எத்தனை கிலோ, கீழே கையெழுத்து, எல்லாம் திருத்தமாக இருந்தன. கையெழுத்துக்காரர் அந்த மாலை எங்கே இருந்தார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பிராங்பேர்ட்டுக்கு வெளியே ஒரு மண்டபத்தில், முன்வரிசையில், பச்சைக் கம்பளிக் கோட்டின் மேல் யாரோ போர்த்திவிட்ட சால்வையோடு, என் மாமியாரின் தங்கச்சிக்குப் பக்கத்தில் இருந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். கல்யாண அல்பத்தில் அவருக்கென்று ஒரு முழுப் பக்கமே இருக்கிறது. பொய் எழுதுகிற மனிதர் வேறு ஒரு நாளைப் பார்த்து எழுதியிருக்கக் கூடாதா என்று எனக்கு முதலில் கோபம்தான் வந்தது.

எங்கள் வீட்டில் அவரை வேட்டைக்கார ஐயா என்போம். மூன்று கிராமங்களின் காட்டில் வேட்டையாடும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஜெர்மன்காரர். அப்பா அகதி முகாமில் இருந்த காலத்தில், நவம்பர் மாத வேட்டைகளில் மரங்களுக்குள் சத்தம் போட்டு நடந்து மிருகங்களைக் கிளப்பிவிடும் வேலைக்கு ஐயா அப்பாவைக் கூப்பிடுவார். அகதி விண்ணப்பம் போட்டவர்கள் அனுமதிக் கடிதம் இல்லாமல் மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது என்று அப்போது சட்டம். நான் பிறக்க இருந்த வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு இரத்தப்போக்கு கண்டு, எல்லைக்கு அப்பால் பிராங்பேர்ட் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போய்விட்டார்கள். அப்பா அனுமதி கேட்டு ஓடியபோது அலுவலகம் பூட்டியாயிற்று, இனித் திங்கட்கிழமைதான். ஐயா தன் ஜீப்பின் பின்பக்கத்தில் நாய்க்குப் பக்கத்தில் அப்பாவைக் குந்தவைத்து, நாயின் போர்வையால் மூடி, எல்லையைக் கடந்தார். பிடிபட்டிருந்தால் இரண்டு பேருக்கும் வில்லங்கம்தான். “உன்னை எனக்குக் காட்டினது டொக்டர் இல்லை, அந்த மனிசன்தான்” என்று அப்பா சாகும்வரை சொன்னார். அன்று பூட்டிக் கிடந்த அதே கட்டடத்தின் இரண்டாம் மாடியில்தான் எனக்கு வேலை கிடைத்தது.

எங்கள் பகுதியின் பெரிய செந்நிற மான்கள் எங்கே வாழலாம் என்பதையும் சட்டம் வரைபடத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறது. கோட்டுக்குள் இருக்கலாம், வெளியே வந்தால் சுட்டுவிட வேண்டும். ஒரு பக்கம் ஆட்டோபான் என்கிற அதிவேக நெடுஞ்சாலை, மறுபக்கம் இன்னொன்று. உள்ளே கூட்டம் பெருகினால் மரக்கன்றுகளின் நுனியைத் தின்றுவிடும், பட்டையை உரித்துவிடும். வறட்சியில் பைன் மரங்கள் செத்த பிறகு புதிதாகக் கன்று நட்ட ஒரு பெண்மணி, கடிபட்ட நுனிகளை ஒரு வாளியில் போட்டுக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். ஒவ்வொரு காட்டிலும் இத்தனை மான் சுட வேண்டும் என்று வருடாவருடம் நாங்கள் எழுதிக் கொடுப்போம். சுட்டதாக அவர்கள் எழுதித் தருவதை வைத்தே காட்டில் எத்தனை மிச்சம் என்று பார்ப்போம். ஐயா ஐந்தாறு வருடமாகக் காகிதத்தில் மட்டும் சுட்டிருக்கிறார் என்பது பழைய பட்டியல்களைப் புரட்டியபோது, அதே நேரங்களும் அதே எடைகளும் திரும்பத் திரும்ப வந்ததில் விளங்கியது. இப்போது எத்தனை மான் உள்ளே நிற்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது.

மேலிடத்துக்குச் சொன்னால் அவருடைய அனுமதிப்பத்திரமும் துப்பாக்கிகளும் போய்விடும். சொல்லாமல் விட்டால் நான் அந்த மேசையில் இருப்பதில் அர்த்தமில்லை. இரண்டு கிழமை பட்டியலை இழுப்பறைக்குள்ளேயே வைத்திருந்தேன். கடைசியில் என் மூளை ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தது. ஒருவரையும் பெயர் சொல்லாமல், அடுத்த பருவத்திலிருந்து எல்லாக் குத்தகைக்காரரும் சுட்ட ஒவ்வொரு மானுக்கும் ஒரு காதைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று எங்கள் பிரிவுத் தலைவியிடம் எழுதிக் கொடுத்தேன். வலது காது மட்டும். இரண்டையும் ஏற்றால் ஒரு மான் இரண்டாகிவிடும். தலைவி உடனே சம்மதித்தார். நான் கெட்டிக்காரி என்று எனக்கே ஒரு நினைப்பு.

மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே உறைந்த காதுகளைப் பிளாஸ்டிக் பைகளில் கொண்டுவந்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி மட்டும் சாப்பிடுகிற நான் அவற்றை எண்ணி, இரண்டாம் முறை காட்ட முடியாதபடி நுனியைக் கத்தரித்துத் திருப்பிக் கொடுத்தேன். ஐயா வரவில்லை. செப்டம்பர் போய், ஒக்டோபர் போய், டிசம்பரில்தான் வந்தார், கையில் ஒன்றும் இல்லாமல். கதவைச் சாத்திவிட்டு, இதை யோசித்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். என் கல்யாண நாளைச் சொன்னேன். அவர் முகம் சிவந்தது, பிறகு சிரித்துவிட்டார். இந்த ஒரு வருடம் மட்டும் காகிதத்தை நம்பு என்று மெதுவாகக் கேட்டார். கூட்டத்தில் ஒரு கிழட்டுப் பெண் மான் இருக்கிறதாம், மற்றவை எல்லாம் அதன் பின்னால்தான் நடக்குமாம். ஓடுவதற்கு வழியே இல்லாததைச் சுடுவது வேட்டை இல்லை என்றார்.

“அப்பாவைக் கொண்டுபோன மாதிரி இதுகளை ஜீப்பில ஏத்திக் கொண்டுபோக ஏலாது, பிள்ளை.” அவர் பேசியது ஜெர்மனில். எனக்கு இப்படித்தான் கேட்டது.

செய்த உதவியை அவர் வாய்விட்டுச் சொன்னது அந்த ஒரே தடவைதான். கேட்டு வாங்குவதற்காகச் சொல்லவில்லை என்றும் எனக்குத் தெரியும். அவர் மீது எனக்கு இரக்கமும் வந்தது, எரிச்சலும் வந்தது. மான்கள் மேல் பாசம் என்கிறார், அந்தப் பாசத்தில் கூட்டம் உள்ளேயே பெருகி ஒன்றையொன்று நெரித்துக்கொண்டு நிற்கிறது. “நீங்கள் பொய் எழுதினா அதுகளுக்கு வழி திறக்காது ஐயா. வாற வருஷம் இன்னும் கூடச் சுடச் சொல்லித்தான் எழுதுவம். என்னால ஏலாது” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு எழும்பிப் போனார்.

ஜனவரி கடைசி நாள், பருவம் முடிகிற நாள், வந்தார். அவருக்கு எழுதிக் கொடுத்தது பதினான்கு. பதினான்கு வலது காதுகள் இருந்தன. முதலில் குட்டி, பிறகுதான் தாய், தாயில்லாமல் குட்டி தவிக்கக் கூடாதென்ற ஒழுங்குப்படிதான் சுட்டேன் என்றார், நான் கேட்காமலே. ஒரு காதை மட்டும் தனிப் பையில் வைத்திருந்தார். நரைத்த மயிரும் விளிம்பில் பழைய கிழிசலுமாக இருந்தது. நான் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். “வெட்டு, உன்ர வேலை அதுதானே” என்றார். வெட்டினேன். ரசீது கேட்டார், எழுதிக் கொடுத்தேன். ஏப்ரலில் குத்தகையை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை.

புதிதாகக் குத்தகை எடுத்தவர் காதுகளை நேரத்துக்குக் கொண்டுவருகிறார். வாளி கொண்டுவந்த பெண்மணியின் கன்றுகள் இப்போது என் தோளளவுக்கு நிற்கின்றன, போய்ப் பார்த்தேன். கோடும் ஆட்டோபானும் அப்படியே இருக்கின்றன. எத்தனை சுட வேண்டும் என்று இந்த வருடமும் நான்தான் எழுதினேன். நான் செய்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதில் எனக்கு ஒரு ஆறுதலும் இல்லை.

இது எதுவும் அம்மாவுக்குத் தெரியாது. ஐயா ஏன் இப்போது வீட்டுப் பக்கம் வருவதில்லை, எங்களோடு ஏதும் மனத்தாங்கலோ என்று கேட்பார். வயது போய்விட்டது, கார் ஓட்டுவதில்லை என்பேன். அதனால் மாதத்துக்கு ஒரு தடவை அவருக்கென்று பருத்தித்துறை வடை சுட்டு, ஒரு டப்பாவில் அடுக்கி, வேலைக்குப் போகிற வழியில் கொடுத்துவிடு என்று என்னிடம் தருகிறார். நான் அதை அலுவலகச் சமையலறை மேசையில் திறந்து வைத்துவிடுகிறேன், பத்து மணிக்குள் முடிந்துவிடும். போன கிழமையும் அம்மா கேட்டார்.

“குடுத்தனியே?”

“ஓம் அம்மா. நல்லா இருக்காம். போனமுறை உறைப்புக் காணாது எண்டு சொன்னவர்.”

அம்மா சந்தோஷப்பட்டு, அடுத்த முறைக்கு மிளகாய்த்தூள் கூடப் போட வேண்டும் என்று கலண்டரில் குறித்து வைத்தார்.