பூங்காவனத்துக்கு யார் தழை வெட்டுவது

ஜவ்வாது மலையிலிருந்து கடுக்காய் கொண்டுவந்த ஆள் மூட்டையைத் தராசில் ஏற்றாமல் நின்றான். "பூங்காவனம் போய்ட்டா சாமி. நாளைக்குக் காலைல எடுக்கறாங்க." ஆம்பூர் மண்டித் தெருவில் கடுக்காய் விற்க வந்த அவளோடு விலை பேசித் தோற்காதவர்கள் குறைவு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவள் மலையில் பிறந்தவள் இல்லை. ஆம்பூரில் பெற்றோர் வாந்திபேதியில் போனபின், கடுக்காய் விற்க வந்த குப்பம்மா என்ற மலைக்காரி கைக்குழந்தையாகத் தூக்கிப்போய் வளர்த்தாள். தோல் பதனிடும் ஷாப்புகளுக்குக் கடுக்காய் வாங்க நான் மலையேறத் தொடங்கிய காலத்தில் அவள் பெரியவளானாள்.

வயதுக்கு வந்த பெண்ணுக்குத் தாய்மாமன் தழை வெட்டி, ஊருக்கு வெளியே குடிசை போட வேண்டும். அதில் இருந்தவள்தான் அந்த ஊர்ப் பெண்ணாகத் திரும்பி வரலாம். குப்பம்மாளின் தம்பி சடையன் மறுத்துவிட்டான். "கீழ்நாட்டுக் குட்டிக்கு நான் மாமனா? போக்கா!"

பெண் பலா மரத்தடியில் மழையில் நனைந்துகொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. அரிவாளைக் கேட்டேன். ஊரார் சிரித்தார்கள். "கீழ்நாட்டுப் பொண்ணுக்குக் கீழ்நாட்டு மாமன். பொருத்தம்தான் சாமி!"

அவள் சிரிக்கவில்லை. "வேணாம் சாமி. நீ வெட்டினா நான் உங்க ஊருக்காரி ஆயிடுவேன். அப்புறம் குப்பம்மா எனக்கு யாரு?"

அரிவாளைக் கீழே வைத்தேன். குப்பம்மா தம்பி வாசலில் போய்ப் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்தாள். மறுநாள்தான் சடையன் வந்தான். "குடிசை போட்டுட்டேன். மாமான்னு மட்டும் கூப்புடாத." அதற்குள் மழையில் கிடந்த பெண்ணுக்கு உடம்பு கொதித்தது. அன்று நெஞ்சில் கட்டிய சளி கடைசிவரை விடவில்லை. மண்டியில் நாமெல்லாம் கேட்ட இருமல் அதுதான். "எங்க மாமன் குடுத்த சீரு" என்பாள் அவள்.

"முகம் ஆம்பூர் ஜாடையா இருக்கே" என்று யாரோ சீண்டியபோது, "மூஞ்சி உங்களுதா இருந்துட்டுப் போகட்டும், கம்மியா எடை போடாத" என்றாளே, நினைவிருக்கிறதா?

சாவுக்குப் போகும்போது, பிறந்த வீட்டுக் கோடி போட ஆளில்லாமல் போகுமோ என்று புடவை ஒன்று வாங்கிக்கொண்டேன். நரைத்த தலையோடு சடையன் எனக்கு முன்பே நின்றிருந்தான், கையில் கோடியோடு. என் பொட்டலத்தைப் பார்த்து, "அதுக்கு நாங்க இருக்கோம்" என்றான். அவள் காதில் விழ ஒருமுறை இதைச் சொல்லியிருக்கக் கூடாதா?

புடவையைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். திருப்பிக் கொடுத்தால் கடைக்காரன் எடுத்துக்கொள்வான். மனம் வரவில்லை. அவள் நினைவாக என்னிடம் இருப்பது, அவளுக்குத் தேவைப்படாமல் போன அந்தப் புடவைதான்.