சேகரண்ணே கொடுத்த டீ

அந்த ஃப்ரீசர் கதவைத் திறந்தால் வெள்ளைப் புகை வந்து காலில் விழும்... திருநகரிலிருந்து பஸ்ஸில் வியர்த்து விறுவிறுத்து வருகிற எனக்கு அந்த ஒரு நிமிடக் குளிர்தான் சம்பளமே. உள்ளே சின்னச் சின்னக் குப்பிகளில் ஊரார் ரத்தம்.

படித்து முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை. கல்லீரல் புற்றுநோய் வெளியே தெரிவதற்கு முன்பே ரத்தத்தில் ஏதாவது ஒரு பொருள் கூடுகிறதா, குறைகிறதா என்று தேடும் ஆராய்ச்சி. உணவைச் செரித்து உடம்பு உண்டாக்கும் பொருள்கள் எத்தனையோ. அதில் எது நோயைக் காட்டிக்கொடுக்கும்?

எனக்கு அது வெறும் ஆராய்ச்சி இல்லை. கீழக்குயில்குடியில் இருந்த என் தாய்மாமாவுக்கு வயிறு வீங்கிய பிறகுதான் ஸ்கேன் எடுத்தோம். "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே" என்றார் டாக்டர். அந்தக் 'கொஞ்சம் முன்னாடி'யை எப்படியாவது பிடித்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி.

நோயாளிகளின் ரத்தத்தை விடிந்ததும் வார்டிலேயே எடுத்துவிடுவோம். ஒப்பிட்டுப் பார்க்க நோய் இல்லாதவர்களை வெறும் வயிற்றோடு லேபுக்கு வரச் சொல்வோம். ஊசியைக் குத்துமுன் தவறாமல் கேட்பேன்.

"அண்ணே, ஏதும் சாப்ட்டீங்களா?"

"ஒரு இட்லி கூட உள்ள போகல தாயி."

ஒரு நாள் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் ரியாஸ் போட்ட சத்தத்தில் ஓடினேன். திரையில், நோய் இல்லாத எல்லோருக்கும் ஒரே இடத்தில் கோடு ஜிவ்வென்று ஏறி நின்றது. நோயாளிகளுக்கு அதே இடத்தில் தரையோடு தரை!

"எம்புட்டு வித்தியாசம் பாரு! மாட்டிக்கிச்சு!" என்று குதித்தான்.

எங்கள் தலைமை ஆய்வாளர் மேடம், எதற்கும் சிரிக்காதவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "அது என்ன பொருள்னு கண்டுபிடிங்க" என்றார். குரலில் ஒரு துள்ளல்.

மறுநாள் காலை அதைக் கொண்டாட நானும் ரியாஸும் கேட் எதிரே சேகரண்ணே டீக்கடைக்குப் போனோம். எங்கள் 'நோய் இல்லாதவர்' பட்டியலில் அவரும் ஒருவர். கடையில் எங்கள் ஃபாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் நின்றார். அவர் கையில் ஒரு கிளாஸைத் திணித்தார் சேகரண்ணே.

"வெறும் வயித்தோட ரத்தம் குடுத்தா கிறுகிறுன்னு வரும்ணே. ஒரு டீயப் போட்டுட்டுப் போங்க."

வாயில் கடித்த வடை அப்படியே நின்றது எனக்கு.

"அண்ணே... எல்லாருக்குமா குடுக்குறீங்க?"

"ஆமா தங்கச்சி. உங்க லேபுக்கு வார அம்புட்டுப் பேருக்கும். ரத்தம் குடுக்கப் போறவுகள சும்மா விடலாமா?"

"சாப்பிடக் கூடாதுன்னு சொல்லிருக்கோம்லண்ணே!"

"சாப்பாடா குடுத்தேன்? டீதானே ஆத்தா!"

அவரைச் சொல்லி என்ன? நானும் எத்தனையோ நாள் இரண்டு டீ குடித்துவிட்டு 'இன்னும் ஒண்ணும் சாப்பிடல' என்று சொன்னவள்தான்.

சாயங்காலத்துக்குள் பொருளின் பெயர் தெரிந்துவிட்டது. ஹிப்யூரிக் அமிலம். டீ குடித்தால் ஏறும். விடிந்ததும் வார்டில் ரத்தம் கொடுத்த நோயாளிகளுக்கு ஏது டீ? நாங்கள் கண்டுபிடித்தது நோயின் அடையாளத்தை இல்லை, சேகரண்ணே டீயை!

நான் அழுதேன். மேடம் அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சிரித்தார். பிறகு சொன்னார்: "எல்லார்கிட்டயும் மறுபடி எடுக்கணும். இந்தத் தடவை ஸ்கேனும் சேர்த்து எடுத்துடுவோம். ஈரல் நல்லா இருக்குன்னு அவங்க சொன்னத அப்படியே நம்புனதும் நம்ம தப்புதான்."

சேகரண்ணே மட்டும் பிடிகொடுக்கவில்லை. "நான் குடிக்கிறதே கிடையாது. எனக்கெதுக்கு ஸ்கேனு?"

"உங்களாலதாண்ணே இம்புட்டு வேலையும். பேசாம வாங்க!" கடையை அவர் மனைவியிடம் விட்டுவிட்டு இழுத்துக்கொண்டு போனேன்.

ஸ்கேன் எடுத்தவரின் கை ஒரே இடத்தில் நின்றது... ஈரலில் கொழுப்பு. ஓரத்தில் சின்ன நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. வலி இல்லை, வீக்கம் இல்லை, அவருக்கு எதுவுமே தெரியவில்லை. மேற்கொண்டு பார்த்ததில் புற்றுநோய்தான்.

"நல்ல வேளை, முன்னாடியே வந்துட்டீங்க" என்றார் டாக்டர்.

மாமாவுக்குக் கிடைக்காத அந்தச் சொல்! ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று கேட்டபோது, அந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நானும் ரியாஸும் சத்தம் போட்டு நர்ஸிடம் திட்டு வாங்கினோம்.

இப்போது நான் வேறு லேபில், ஊருக்கு வெளியே. மெஷின் அன்றைக்கு இருந்ததைவிடப் பத்து மடங்கு கூர்மை. ஒற்றைக் கோட்டை நம்புவதில்லை, பல பொருள்களைச் சேர்த்துப் பார்க்கிறோம். நோயின் அடையாளம் இன்னும் கைக்கு வரவில்லை. ஆனாலும் திரையில் ஒரு கோடு ஏறினால் இன்றைக்கும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அடுத்த நொடி வாய் தானாகக் கேட்கிறது, "டீ குடிச்சாங்களா?"

போன வாரம் ஒரு காலையில் பழைய லேப் பக்கம் போனேன். ரியாஸ் வெளிநாட்டில். மேடம் ஓய்வு பெற்றுவிட்டார். ஃப்ரீசர் கூட மாறிவிட்டது. கேட் எதிரே சேகரண்ணே மட்டும் அப்படியே, கொஞ்சம் இளைத்து, டீ ஆற்றிக்கொண்டிருந்தார். காலை நேரத்தில், ரத்தம் கொடுத்தாயிற்று என்று கையில் ஒட்டிய பஞ்சைக் காட்டினால்தான் அவர் கடையில் டீயாம்!

"அண்ணே, ஒரு டீ" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"தங்கச்சியா இருந்தாலும் சரி... மொதல்ல கையக் காட்டு."