சுவரில் தொங்காத கால்

என் அக்காவின் கணவர் வாயைத் திறந்தால் வம்புதான். நான் அவரை மாமா என்பேன். மற்றவர்களுக்கு அவர் கால்காரர். செயற்கைக் கால் செய்கிற பட்டறையில் வேலை. பதினொரு வருஷத்துக்கு முன்னால் தொழிற்சாலை இயந்திரம் ஒன்றுக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே பறிகொடுத்தார். அவருக்குச் செய்து கொடுத்த முதல் கால் கடித்தது. சண்டை பிடிக்கப் பட்டறைக்குப் போனவர், "இப்படியா இழைப்பீங்க, நகருங்க" என்று அரத்தைப் பிடுங்கித் தானே உட்கார்ந்துவிட்டார். இன்னும் எழுந்து வரவில்லை.

கால் நுழைகிற பகுதிக்குக் கூடு என்று பெயர். ஒவ்வொரு கூட்டின் உள்ளேயும் மாமா ஓர் எண்ணைக் கீறி வைப்பார். போட்டுப் பார்த்தவர் வலிக்கிறது என்று திருத்தத்துக்கு வந்தால் எண்ணுக்குக் கீழே ஒரு கோடு. கோடு விழுவது அவருக்குப் பெரிய அவமானம். ஒரு தபால்காரருடைய காலில் ஒன்பது கோடு விழுந்தது. அந்த மனிதரைப் பற்றிப் பேச்செடுத்தாலே மாமா பல்லைக் கடிப்பார்.

அக்கா ஒரு ஜெபக் கூட்டத்தையும் விடமாட்டாள். பதினொரு வருஷமாக அவளுக்கு ஒரே விண்ணப்பம்: அவருக்குக் கால் சுகமாக வேண்டும்.

"சுகமாகுறதுன்னா? நான் என்ன மரமா, வெட்டின இடத்துல தழைக்க?" என்று கேட்பார் மாமா. அவள் அழுவாள். அவர் கதவைச் சாத்திக்கொண்டு காலைக் கழற்றுவார். துண்டான காலை இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அவளுக்குக் காட்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவள் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, பஸ் வருமா வராதா என்று பார்ப்பவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். விபத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து ஒரு ஜெபம் வந்து நான் கேட்டதில்லை.

மூன்று நாள் நடை தூரத்தில் மலைமேல் மாதா கோயில் ஒன்று உண்டு. வருஷா வருஷம் எங்கள் கோயில் ஃபாதரோடு கூட்டமாக நடந்து போவார்கள், நோயாளிகளுக்குத் தனி வண்டி. அங்கே ஒரு நீளச் சுவரில் சுகம் பெற்றவர்கள் விட்டுப்போன ஊன்றுகோலும் கட்டும் பட்டையும் தொங்கும். ஜெபக் கூட்டத் தலைவி ஒருநாள் வீட்டுக்கே வந்து, "அண்ணே, உங்களுக்கு விசுவாசம் பத்தல, அதான் தடையா நிக்குது. நோயாளிங்க வண்டியில வந்து மாதாகிட்ட கேளுங்க" என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அதை நம்புகிறாள் என்பது மாமாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"வர்றேன்," என்றார். "வண்டியில இல்ல, நடந்து. நான் நோயாளி இல்ல. அங்க வந்து ஒண்ணும் கேக்கவும் மாட்டேன்."

அந்த நடைக்கென்றே புதிதாகக் கால் செய்தார். அங்கேதான் வீம்பு காலை வாரியது. அளவுக்கு மாவுக்கட்டு சுற்றும்போது ஆள் தளர்வாக உட்கார வேண்டும், வேறொருவர் சுற்ற வேண்டும். பட்டறைக்கு வருகிறவர்களிடம் இதை ஆயிரம் தடவை சொன்னவர் இவர். "இவனுங்க கை எனக்குச் சரிப்படாது" என்று குனிந்து தனக்குத் தானே சுற்றிக்கொண்டார். குனிந்தால் சதை இறுகும், அச்சு மாறும். கூட்டுக்குள் எண்ணைக் கீறிவிட்டு, "இதுல கோடே விழாது பாரு" என்று என்னிடம் காட்டினார்.

நடக்க முடியாமல் போகிறவர்களை ஏற்றிக்கொள்ளப் பின்னால் ஊர்ந்து வருகிற வேனை ஓட்டியது நான். முதல் நாள் மாமா எல்லாருக்கும் முன்னால் நடந்தார். இரண்டாம் நாள் காலையில் நடுவில். பதினொரு மணிக்கு என் வேனுக்கு நேர் முன்னால் நடந்துகொண்டிருந்தார். காற்சட்டையில் ரத்தம்.

ஃபாதர் ஓடி வந்தார். "போதும், ஏறிக்கங்க. மாதா கோவிச்சுக்க மாட்டாங்க."

"நான் கோவிச்சுப்பேன் ஃபாதர்."

"மாமா, அடம் பிடிக்காதீங்க. ஏறுங்க," என்றேன்.

"உன் வேன்ல என் பொணம் ஏறும். வண்டிய நகத்து."

சாலையோரச் சுவரில் உட்கார்ந்து காலைக் கழற்றினார். மறைக்க அங்கே கதவு இல்லை. கூடு எங்கே கடிக்கிறது என்று கண்டுபிடிக்கப் பட்டறையில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். புண்ணில் உதட்டுச் சாயம் தடவிக் கூட்டைப் போட்டு எடுத்தால், உள்ளே எங்கே சிவப்பு ஒட்டுகிறதோ அங்கே இழைக்க வேண்டும். அரம் அவர் பையில் இருந்தது. ஆனால் புண் பின்பக்கம். எப்படித் திரும்பினாலும் கண்ணுக்கு எட்டவில்லை.

அக்கா முன்னால் வந்தாள். கூட வந்த பெண்ணிடம் லிப்ஸ்டிக் வாங்கிக்கொண்டு சாலையில் முழங்கால் போட்டாள். நான் அவள் முழங்காலிட்டு ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன், அவள் கண்ணைத் திறந்துகொண்டு முழங்காலிட்டது அன்றைக்குத்தான். துண்டான காலைக் கையில் ஏந்தி, தழும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இவ்ளோதானா?" என்றாள். "இதையா பதினோரு வருஷமா ஒளிச்சு வச்சீங்க?"

மாமா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் சொல்லச் சொல்ல அவள் சாயம் தடவினாள், கூட்டைப் போட்டாள், எடுத்தாள், சிவப்பு ஒட்டிய இடத்தை இழைத்தாள். "இன்னும் கொஞ்சம்." "இப்ப?" "இன்னும்." ஒரு மணி நேரம் ஆனது. பஞ்சு வைத்துக் கட்டி எழுப்பி விட்டாள். என் வேன் காலியாகவே போனது. எனக்குச் சொல்லத் தெரியாத சந்தோஷம்.

மூன்றாம் நாள் மலை ஏறினார். மேலே மஞ்சள் பட்டை கட்டிய தொண்டர் ஒருவர் மாமாவின் நடையைப் பார்த்ததும் தோளைப் பிடித்து, "நோயாளிங்க வரிசை இந்தப் பக்கம்" என்றார்.

"நான் கால்காரன். எந்த வரிசை?"

தொண்டர் முழித்தார். மாமா அந்தச் சுவரை நோக்கி நடந்தார். திட்டுவதற்குத்தான் போகிறார் என்று எனக்குத் தெரியும். 'நாங்க இழைச்சு இழைச்சு நடக்க வைப்போம், பேரு மட்டும் இங்க வருமா' என்பது அவருடைய பழைய பாட்டு. ஊன்றுகோல்களுக்கு நடுவில் ஒரு வலது கால் தொங்கியது. மாமா அதை எட்டித் திருப்பிக் கூட்டின் உள்ளே பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். நானும் எட்டிப் பார்த்தேன். எண்ணுக்குக் கீழே ஒன்பது கோடு.

"அந்தத் தபால்காரன்," என்றார். "கழட்டிப் போட்டுட்டுப் போயிருக்கான். எந்த முட்டாள் சொன்னானோ. இப்ப எப்படி நடப்பான்?"

கூட்டின் அடியில் ஓர் அட்டை செருகியிருந்தது. மாமாவின் கண்ணாடி பையில் இருந்ததால் அக்கா எடுத்து வாசித்தாள்.

"என் வீட்டுக்காரர் இந்தக் காலோடு ஆறு வருஷம் நடந்தார். சாவதற்கு முந்தின வாரம் வரை வீடு வீடாகக் கடிதம் கொடுத்தார். மாதாவே, உனக்கு நன்றி. செய்து கொடுத்தவரையும் காப்பாற்று. அவர் ரொம்பக் கோபக்காரர்."

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மாமா சிரிக்கவில்லை. சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு பேச ஆரம்பித்தார். மெதுவாகப் பேசுவதாக நினைப்பு, எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாகவே கேட்டது.

"அவனை நடக்க வச்சது நீயா நானா? சொல்லு. நான் இல்லாம நீ என்ன பண்ணியிருப்ப?" நெற்றியை இன்னும் அழுத்தினார். "என்னை அந்தப் பட்டறைக்குள்ள கொண்டுபோய் விட்டது யாருன்னு கேக்குற. தெரியுது. தெரியாம இல்ல. ஆனா போன என் காலுக்கு உன்மேல எனக்கு இன்னும் கோவம் இருக்கு, அது போகாது. அதோடயே வர்றேன், இஷ்டம்னா வச்சுக்க." அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. "ஒம்பது தடவை திட்டு வாங்கினது நான்தான். அதை மட்டும் ஞாபகம் வச்சுக்க."

இதுதான் பதினொரு வருஷத்துக்குப் பிறகு அவர் செய்த முதல் ஜெபம். ஜெபக் கூட்டத் தலைவி கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார். எனக்கு அதைவிட உண்மையான ஜெபம் தெரியாது.

பிறகு படியில் உட்கார்ந்து தன் காலைக் கழற்றினார். பின்னாலேயே வந்திருந்த தொண்டர் முகம் மலர்ந்து, ஆணி ஒன்றைத் தேடி எடுத்தார். "விசுவாசத்தோட குடுங்க, நானே மாட்டுறேன்."

மாமா அரத்தின் கூர் முனையால் கூட்டுக்குள், எண்ணுக்குக் கீழே, ஒரு கோடு கீறினார். அக்காவிடம் காட்டினார். "ஒரு திருத்தம். உன் கையால."

"இனிமே உங்களுக்குன்னு நான் என்னத்தைக் கேக்குறது?" என்றாள் அக்கா.

"இந்தக் கால் தேயாம இருக்கணும்னு கேளு."

காலை மாட்டி, பட்டையை இறுக்கி எழுந்தார். ஆணியோடு நின்ற தொண்டரைப் பார்த்தார்.

"அதைப் பத்திரமா வைங்க தம்பி. நான் செத்த பிறகு இவ கொண்டுவந்து மாட்டுவா. அதுவரைக்கும் இது நடக்கணும்."