மேல்பட்டையில் கிழமை

அவள் அச்சகங்களுக்குப் புத்தகப் பக்கங்களை வடிவமைத்துக் கொடுப்பவள். வேலையெல்லாம் வீட்டு முன்னறையில், ஒரு பழைய லினக்ஸ் கணினியில்தான். மேசையை ஒட்டியே அம்மாவின் நாற்காலி. அம்மா தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கே இணைப்புக் கொடுத்த மனுஷி. யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லை. ஞாபகம் நழுவத் தொடங்கிய பிறகு அவர் மகளிடம், "இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்கும்படி ஆயிற்று. பதில் சொன்ன கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்பார். மகளின் குரலில் எரிச்சல் தட்டினால் அம்மாவின் முகம் சுண்டிப்போகும்.

இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டுமென்று, ஒருநாள் அவள் திரையின் மேல்பட்டையிலிருந்த கடிகாரத்தின் அமைப்பைத் திறந்தாள். கடிகாரம் எதைக் காட்ட வேண்டுமென்று சொல்லும் குறிகளை, சதவீதக் குறியும் ஆங்கில எழுத்துமாக, என்னென்னவோ போட்டுப் பார்த்தாள். முதலில் வெறும் வருஷம் வந்தது. பிறகு கடிகாரமே காணாமல் போனது. விடாமல் முட்டி மோதி, பட்டையை அகலமாக்கி, எழுத்தைப் பெரிதாக்கி ஒருவழியாகக் கொண்டுவந்துவிட்டாள்: "செவ்வாய் மாலை."

அம்மா நிமிர்ந்து பார்த்தார். "செவ்வாய்க்கிழமைதானே? நான் அப்பவே நினைச்சேன்" என்றார். அன்றோடு கேள்வி நின்றது.

தம்பிக்குப் பெரிய கம்பெனியில் கணினி வேலை. எப்போதாவது ஒரு சனிக்கிழமை தலைகாட்டுவான். வந்தால் அம்மாவோடு உட்காருவதைவிட வீட்டைத் திருத்துவதுதான் அதிகம். அன்றும் வந்ததும் திரையைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னக்கா இது, பஸ் ஸ்டாண்டு போர்டு மாதிரி?"

"அம்மாவுக்காக வச்சது. கை வைக்காதே" என்று சொல்லிவிட்டு அவள் மருந்துக் கடைக்குப் போனாள். அம்மா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது வாசல் கதவு விரியத் திறந்து கிடந்தது. கட்டில் காலி. தம்பி பின்பக்கம் நின்று யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தான். திரையில் பெரிய எழுத்து போய், மூலையில் பொடியாக "6:10" என்று மட்டும் இருந்தது. வெளியே மங்கிய வெளிச்சம். தூங்கி எழுந்தவருக்கு அது விடிகாலை, ஷிப்டுக்குக் கிளம்பும் நேரம். அவள் நேரே பழைய தொலைபேசி நிலையத்துக்கு ஓடினாள்.

அந்தக் கட்டடம் இப்போது கார் விற்கும் கடை. வேலைக்குப் போகும் உடையில், தோளில் பையோடு, அம்மா காவலாளியிடம் மல்லுக்கு நின்றார். "ஷிப்டுக்கு நேரமாச்சு, கதவைத் திறங்க!" சுற்றி நாலைந்து பேர். ஒருவன் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். அதைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிய அவளுக்குக் கை பரபரத்தது. அம்மாவை அணைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

வாசலில் நின்ற தம்பியைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"யாரைக் கேட்டு மாத்தினே?"

"பார்க்கவே அசிங்கமா இருந்துச்சு. ஒரு கடிகாரத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?"

"உனக்கு மணி தெரிஞ்சா போதும். அம்மாவுக்குப் பொழுது விடிஞ்சுதா சாய்ஞ்சுதான்னே தெரியணும்! இந்த வீட்ல ஒரு நாள் முழுசா இருந்திருந்தா உனக்குப் புரிஞ்சிருக்கும்."

"இதுக்குத்தான் எங்கயாவது நல்ல ஹோம்ல சேர்த்துடலாம்னு..."

அவன் முடிக்கவில்லை. மருந்துப் பை பறந்து வந்து அவன் நெஞ்சில் மோதியது. மாத்திரை அட்டைகள் தரையெல்லாம் சிதறின.

"நிறுத்துங்க ரெண்டு பேரும்!" அம்மாவின் குரலில் பழைய ஆபரேட்டரின் கண்டிப்பு. "நான் என்ன செத்தா போயிட்டேன்? என்னை வச்சுக்கிட்டே என்னைப் பத்திப் பேசுறீங்க." மகன் பக்கம் திரும்பினார். "அதைப் பழையபடி வை. நான் ரிட்டையர் ஆனதையும் அதுலயே போடு. எனக்கு அது நினைவுல நிக்க மாட்டேங்குது."

அவன் உட்கார்ந்தான். அழித்தது சுலபம்; திரும்பக் கொண்டுவர எந்தக் குறி, எந்த எழுத்து என்று தடுமாறினான். அவளுக்கு எல்லாம் தெரியும், சொல்லிக் கொடுக்கவில்லை. வேர்த்து விறுவிறுத்து ஒருவழியாகக் கொண்டுவந்தான்: "சனி மாலை. வேலை இல்லை. வீட்டில் இருக்கலாம்."

அம்மா உரக்கப் படித்தார். "இருக்கலாமாவது! 'இருக்கிறேன்'னு போடு."

போட்டான். பிறகு குனிந்து மாத்திரை அட்டைகளைப் பொறுக்கினான். கிளம்பும்போது, "சாரிக்கா" என்றான்.

"சாரியை நீயே வச்சுக்கோ. அடுத்த சனிக்கிழமை வந்து அம்மாகூட இரு. நான் வெளியே போகணும்."

வந்தான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. அவள் கீபோர்டையும் மவுசையும் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டு, அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு, படியிறங்கிப் போனாள்.