நாற்பது நிமிடக்காரி

இர்யா துஹ்கனென் இருபத்தேழு ஆண்டுகள் நூலகப் பேருந்து ஓட்டினாள். அவள் இருக்கைக்குப் பின்னால், புத்தகத் தட்டுகளுக்கு நடுவே ஒரு சின்ன மேசை போட்டு உட்கார்ந்திருந்தவள் நான். என் பெயர் ஐலா. சைமா ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு நாங்கள் இருவரும்தான் புத்தகம் கொண்டுபோனோம். பள்ளிக்கூட வாசல், மாட்டுப்பண்ணை முற்றம், மூடிப்போன கடையின் முகப்பு என்று நாளொன்றுக்கு எட்டு நிறுத்தம். எங்கும் நாற்பது நிமிடத்துக்கு மேல் நிற்க மாட்டோம். முப்பத்தெட்டாவது நிமிடமே இர்யா வண்டியை முடுக்கிவிடுவாள். எந்தப் புத்தகம் எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தவர்கள் கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு ஓடி வருவார்கள். ஊரில் அவளுக்கு 'நாற்பது நிமிடக்காரி' என்றே பெயர்.

வேலைதான் அவளை அப்படி ஆக்கியதா, அப்படிப்பட்டவள் என்பதால்தான் அந்த வேலைக்கு வந்தாளா, எனக்குத் தெரியாது. தம்பேரேயில் இருக்கும் மகள் வில்யா வீட்டுக்குப் போனாலும் காப்பி ஆறுவதற்குள் எழுந்துவிடுவாள்.

"அம்மா, நீ உள்ள வந்து உக்காந்தாலும் வெளியில வண்டி ஓடிக்கிட்டே இருக்குற மாதிரி இருக்கு" என்று வில்யா ஒருமுறை என் எதிரிலேயே சொன்னாள். இர்யா சிரித்தாள். சிரித்துக்கொண்டே மேலங்கியை மாட்டினாள்.

அவளுக்கு அறுபது வயது நடந்தபோது நகராட்சி அந்தப் பேருந்தை நிறுத்தியது. எனக்கு ஓய்வு பிடித்திருந்தது. அவளுக்கு அது ஒரு நோய் மாதிரி வந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க, குடியிருப்பில் யாரும் எழுவதற்கு முன்பே முற்றத்துப் பனியையெல்லாம் அள்ளிக் குவித்துவிட்டாள். தன் வேலையை இவள் பிடுங்குகிறாள் என்று குடியிருப்பின் பராமரிப்பாளர் புகார் சொன்னார். ஏப்ரலில் ஒரு நாள் சாலை வரைபடத்தோடு என் வீட்டுக்கு வந்து நின்றாள்.

"ஐலா, நம்ம நாட்டுல தேசியப் பூங்கா எத்தனை இருக்கு தெரியுமா?"

"முப்பது முப்பத்தஞ்சு இருக்கும்."

"நாப்பத்தொண்ணு. எல்லாத்தையும் பாத்துடணும்."

"பாத்து என்னடி பண்ணப் போற?"

"பாத்துட்டு அடுத்ததுக்குப் போகணும். நீ வர்றியா, இல்லையா?"

போனேன். போனதற்கு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. கோலிக் குன்றின் மேல் ஏறி, கீழே விரிந்து கிடக்கும் பியெலினென் ஏரியைப் பார்த்தபடி ஜனங்கள் அரை நாள் உட்கார்ந்திருப்பார்கள். இர்யா பார்த்தாள். "ஏரி. சரி" என்றாள். இறங்கிவிட்டாள். லின்னன்சாரியில் படகுக்காரர், "பத்து நிமிஷம் பொறுங்க, தண்ணியிலேர்ந்து சீல் மிருகம் தலையத் தூக்கும்" என்றார். "அதுக்கு எப்ப தோணுதோ தூக்கட்டும், நாம கிளம்பலாம்" என்று இவள் சொன்னாள். பத்வின்சுவோ சதுப்பில் ஹில்லா என்ற காட்டுப் பழம் பொன்னாகப் பழுத்துக் கிடந்தது. நான் குனிந்து பத்துப் பழம் பறிப்பதற்குள், பலகைப் பாதையின் மறுகோடியில் அவள் புள்ளியாகத் தெரிந்தாள். தீ மூட்டும் இடங்களில் சாசேஜைப் பாதி வெந்தும் வேகாமலும் தின்பாள். அங்கே வைத்திருக்கும் வருகை நோட்டில் தேதியும் பெயரும் எழுதுவாள். ஒரு வார்த்தை கூடுதலாக எழுத மாட்டாள்.

முதல் கோடையின் முடிவில் ஒரு நாள் காரில் எனக்குப் பொறுக்கவில்லை.

"உனக்குப் பூங்கா வேணாம்டி. பெட்ரோல் பங்க் இருந்தா போதும். அதைத்தான் நீ ஒழுங்கா பாக்குற."

இருநூறு கிலோமீட்டர் வண்டி ஓடியது. பிறகு, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "உக்காந்தா நெஞ்சுக்குள்ள என்னமோ பிறாண்டுது ஐலா. நின்னா கொஞ்சம் தேவல. போயிட்டே இருந்தா இல்ல. நான் என்ன செய்யட்டும்?"

அதற்குப் பிறகு நான் அவளைச் சீண்டவில்லை.

அடுத்த ஆண்டு செப்டம்பரில் லெம்மென்யோக்கிக்குப் போனோம். அது முப்பத்துமூன்றாவது பூங்கா. ஆற்றில் படகில் போய் இறங்கி, மஞ்சளாகிவிட்ட பிர்ச் மரங்களுக்கு நடுவே ஆறு கிலோமீட்டர் நடந்தால் ஒரு குடில். யார் வேண்டுமானாலும் கதவைத் திறந்து தங்கலாம். ஓரிரு இரவுகள் தங்கிவிட்டு அடுத்தவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். அந்தப் பருவத்தின் கடைசிப் படகு மறுநாள் மதியம்தான் திரும்பும். ஆகவே அங்கே ஓர் இரவு தங்கியே ஆக வேண்டும். அதை நினைத்தே இர்யா வழியெல்லாம் முனகிக்கொண்டு வந்தாள்.

குடிலுக்குள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். அடுப்பு எரியவில்லை. மேசையில் காய்ந்த ரை தானிய ரொட்டி இரண்டு துண்டும், பலமுறை கொதிக்கவைத்த காப்பித் தூளும் இருந்தன. பெயர் ஓஸ்மோ, கெமி நகரில் மின்வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்றார். நான் அடுப்பை மூட்டினேன். இர்யா வழக்கம்போல வருகை நோட்டை எடுத்தாள். எழுதாமல் பக்கத்தைப் பின்னோக்கித் திருப்பினாள். என்னிடம் நீட்டினாள்.

'நாளை கிளம்புகிறேன். ஓஸ்மோ' என்று எழுதியிருந்தது. அதற்கு மேலும் அதுவே. ஒன்பது நாட்கள், ஒன்பது முறை.

"இது என்ன, ஓஸ்மோ?" என்று இர்யா நேராகவே கேட்டாள்.

அவர் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார்: "தினமும் காலையில பூட்ஸ மாட்டுறேன். கதவு வரைக்கும் போறேன். திரும்பி வந்து உக்காந்துடுறேன்."

"உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. போன மாசம் என் வீட்டுக்காரிய முதியோர் இல்லத்துல சேர்த்தேன். மறதி. வீட்டுக்குப் போனா அங்க யாரும் இல்ல. இல்லத்துக்குப் போனா, யாரோ பெரியவர் வந்திருக்காருன்னு எழுந்து நின்னு கை குடுக்குறா." ரொட்டித் துண்டை நகர்த்தி வைத்தார். "எதுக்குக் கிளம்பணும்னு தெரியல."

நான் ஆறுதலாக ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. இர்யா விரல்களால் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். எங்கள் சூப்பில் பாதியை அவருக்கு ஊற்றினாள். அவர் மூன்று கிண்ணம் குடித்தார்.

மறுநாள் விடிந்து நான் கண்விழித்தபோது வெளியே ரம்பச் சத்தம். இரண்டு பேர் இழுக்கும் நீள ரம்பத்தை இவள் ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டிருந்தாள். அது வளைந்து கத்தியது.

"ஓஸ்மோ, மறுபக்கம் பிடி" என்று கூப்பிட்டாள். "மரத்தை நாசம் பண்ணிக்கிட்டிருக்கேன்."

அவர் ஜன்னல் வழியாகச் சற்றுப் பார்த்தார். வேலை தெரிந்த மனிதருக்கு அந்தச் சத்தம் பொறுக்கவில்லை போலும். வந்தார். "இழு. தள்ளாத. இழு மட்டும்" என்று அவளைத் திட்டிக்கொண்டே பிடித்தார். இருவரும் ஒரு மணி நேரம் அறுத்தார்கள். அடுத்து வருபவர்களுக்காக விறகைப் பிளந்து அடுக்கினார்கள். அவர் நெற்றியில் வேர்வை.

அவர் கடைசிக் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது இர்யா குடிலுக்குள் நுழைந்தாள். எங்கள் பைகள், அவருடைய பை, படுக்கை, கெட்டில் எல்லாவற்றையும் வெளியே போட்டாள். ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து தரை முழுக்க ஊற்றித் தேய்த்தாள்.

"காயுற வரைக்கும் யாரும் உள்ள கால் வைக்கக் கூடாது" என்றாள்.

ஓஸ்மோ வாசலில் நின்று ஈரத் தரையைப் பார்த்தார். இர்யா தன் பையை முதுகில் மாட்டினாள். அவருடைய பையை நெஞ்சில் மாட்டினாள். பாதையில் இறங்கி நடந்தாள்.

"ஏம்மா, அது என் பை."

அவள் திரும்பவில்லை.

"அவ நிக்க மாட்டா" என்று நான் அவரிடம் சொன்னேன். "நானும் இருபத்தேழு வருஷமா சொல்லிப் பாக்குறேன். பின்னாலேயே போறதுதான் ஒரே வழி."

"அதுல என் கண்ணாடி இருக்கு, மாத்திரை இருக்கு. இவளுக்குப் பைத்தியமா?" என்று கோபமாகக் கேட்டார். ஆனால் நடந்தார். நான்கு கிலோமீட்டர் போன பிறகுதான் அவளைப் பிடித்தார். பையைப் பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். திரும்பிப் பார்த்தார். குடிலை விடப் படகு பக்கத்தில் என்று கணக்குப் போட்டாரோ என்னவோ, அவள் பின்னாலேயே நடந்தார். வழியெல்லாம் அவளைத் திட்டினார். அவளும் சளைக்கவில்லை. படகுத்துறை வரும்வரை ஓயாத சண்டை.

படகில் அவளிடம் மெல்லக் கேட்டேன். "ராத்திரியே இப்படித் திட்டம் போட்டியா?"

"என்ன திட்டம்? தரை அழுக்கா இருந்துச்சு." முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சிறிது கழித்து, "அந்த ஆளப் பாத்துட்டு ராத்திரி பூரா எனக்குத் தூக்கமில்ல. நானும் ஒருநாள் எங்கயாவது அப்படி உக்காந்துடுவேனோன்னு பயம்" என்றாள்.

கரை நெருங்கியதும் சிக்னல் கிடைத்தது; ஓஸ்மோ அணைத்து வைத்திருந்த போனைத் திறந்ததுமே அது விடாமல் ஒலித்தது. ஒன்பது நாளாக மகன் தேடியிருக்கிறான். "கிளம்பிட்டேன்டா. படகுல இருக்கேன்" என்று அவர் சொன்னதைக் கேட்டேன். மறுமுனையில் அழுகைச் சத்தம். அவர் போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

இதற்குள் இர்யா படகுக்காரரிடம் பேச்சுக் கொடுத்திருந்தாள். குடில்களுக்கு விறகு யார் கொண்டுபோவது, எப்படி, எப்போது. குளிர்காலத்தில் ஆறும் சதுப்பும் உறைந்த பிறகு பனி ஸ்கூட்டரில் கொண்டுபோவார்கள். அந்த வேலையைக் குத்தகைக்கு எடுத்தவருக்கு ஆள் கிடைக்காமல் திண்டாட்டம் என்றார் அவர். ஜனவரியில் இர்யா அந்த வேலைக்குச் சேர்ந்து, பூங்காவுக்கு அருகிலுள்ள இனாரியில் ஓர் அறை எடுத்துக் குடிபோய்விட்டாள். மீதி எட்டுப் பூங்காக்களைப் பற்றிக் கேட்டால், "நேரமில்ல" என்கிறாள்.

அதற்கு முன்பே ஓஸ்மோ எனக்குக் கிறிஸ்துமஸ் அட்டை அனுப்பியிருந்தார். செவ்வாயும் வெள்ளியும் இல்லத்துக்குப் போகிறாராம். மனைவி இன்னும் கை கொடுத்துத்தான் வரவேற்கிறாளாம். 'நானும் என் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்கிறேன். பழகிவிட்டது' என்று எழுதியிருந்தார். இர்யாவைப் பற்றி ஒரு வரி: 'அந்தப் பெண்ணுக்கு ரம்பம் இழுக்கத் தெரியாது.'

மார்ச்சில் நான் வடக்கே போய் அவளோடு நான்கு நாட்கள் இருந்தேன். மைனஸ் இருபத்திரண்டு டிகிரிக் குளிர். ஸ்கூட்டருக்குப் பின்னால் விறகு வண்டி, அதன் மேல் கம்பளி சுற்றிய நான். ஒரு குடிலில் நிறுத்தி விறகை இறக்கினோம், கொட்டகையில் அடுக்கினோம். முகம் சிவந்திருந்தது அவளுக்கு. பத்து வயது இளையவளாகத் தெரிந்தாள். குடித்து முடிக்காத காப்பியோடு நான் படியில் உட்கார்ந்திருந்தபோது, அவள் ஸ்கூட்டரின் முடுக்குக் கயிற்றை இழுத்தாள்.

"ஏறுடி" என்றாள். அன்றைக்கு இன்னும் நான்கு குடில்கள் பாக்கி இருந்தன.