சகலையின் மீசை

என் மீசை சின்ன வயதிலேயே வெளுத்துவிட்டது. சகலைக்கு, அதாவது என் மனைவியின் அக்கா புருஷனுக்கு, என்னைவிட எட்டு வயது கூட. அவர் மீசை காக்காய் நிறம். சாயம்தான். ஆனால் அவருக்குப் பொருந்தியிருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சிம்மக்கல்லில் ஒரு மொத்தக் கடையில் மூட்டை எடை போடுகிறேன். உசிலம்பட்டியில் மாமனார் வீட்டு விசேஷம் என்றால்தான் வெளியே போவது. அங்கே ஒரு காதுகுத்துப் பந்தியில் பரிமாறியவர் சகலையைக் காட்டி என்னிடம் கேட்டார்.

"பெரியவரே, உங்க மருமகனுக்கு இன்னொரு வடை வைக்கவா?"

"மாமா சொன்னா வைங்க" என்றார் சகலை.

பந்தியே சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். நான் பாதிச் சோற்றோடு இலையை மூடினேன்.

அடுத்து மைத்துனன் கல்யாணம் வந்தது. அதில் என் மனைவி பக்கத்தில் அவள் புருஷனாகத் தெரிய வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சகலை வாங்கும் அதே சாயப் பாக்கெட்டை வாங்கினேன். முதல் தடவை லேசாக அரித்தது. பொறுத்துக்கொண்டேன். மீசை கறுத்தது. அந்த மாதம் கண்ணாடியை அதிகம் பார்த்தேன். கல்யாணம் நெருங்கியதும் மறுபடி பூசினேன். மறுநாள் மேலுதடு பணியாரம் மாதிரி வீங்கிவிட்டது. கண் திறக்க முடியவில்லை. மனைவி ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனாள்.

தோல் டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "இந்தச் சாயத்துல அமீன்னு ஒரு வகைச் சேர்மம் இருக்கு. அதுல பல ரகம். மீன் கெட்டா ஒரு வாடை வருதுல்ல, அதுவும் ஒரு அமீன்தான். இது வேற ரகம். பூசும்போது கறுப்பா இருக்காது, ரொம்பப் பொடிசு. முடிக்குள்ள நுழைஞ்சிரும். உள்ள போய் ஒண்ணோட ஒண்ணு சேந்து பெருசாகிக் கறுத்துரும். பெறகு வெளிய வர முடியாது. அதான் கழுவினாலும் போகல."

"எங்க சகலைக்கு ஒண்ணும் செய்யலையே?"

"அவரு உடம்பு அதைக் கண்டுக்கல. உங்க உடம்பு கண்டுக்கிருச்சு. இனி மறக்காது. அடுத்த தடவை இதைவிட மோசமா வரும்."

"கறுப்பு மருதாணி?"

"அதுலயும் பெரும்பாலும் இதைத்தான் கலப்பாங்க. வெறும் மருதாணின்னா செவப்புதான் வரும்."

ஒரே கடை, ஒரே பாக்கெட். அவர் உடம்பு கண்டுகொள்ளவில்லையாம். அதிலும் அவருக்கே யோகம்.

வீக்கம் வடிந்தது. மீசை அடியில் வெள்ளை, நுனியில் கறுப்பு என்று நின்றது. மனைவி முதல் நாளே தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். கல்யாணத்தன்று காலையில் மீசையை மழித்துவிட்டு பஸ் ஏறினேன்.

மண்டப வாசலில் மாமியார் என்னைப் பார்த்ததும் சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"ஐயா, உங்க ஆத்தாளுக்கு என்ன ஆச்சு?"

அப்போதுதான் உறைத்தது. எங்கள் பக்கம் பெற்றவர்கள் இறந்தால்தான் மீசையை எடுப்போம். அப்பா முன்பே போய்விட்டார், இருப்பது ஆத்தா மட்டும்தான். அதற்குள் உள்ளே சேதி போய்விட்டது. மனைவி அழுதுகொண்டே ஓடிவந்தாள்.

"ஆத்தா நல்லாருக்கு" என்றேன். யாரும் நம்பவில்லை. நல்ல காரியம் கெடக் கூடாது என்று மறைக்கிறேனாம். ஆத்தா இருக்கும் திருவாதவூருக்குப் போன் போட்டு எல்லோரும் கேட்கும்படி வைத்தேன்.

"ஆத்தா, எப்படி இருக்க?"

"எனக்கென்ன கேடு? ஆடு அத்துக்கிட்டு ஓடுது, போன வைடா."

சகலை என் தோளில் கை போட்டார். "சகலை, மீசைய எடுத்து ஒரு மண்டபத்தையே அழ வச்சிட்டீக. எனக்கு இம்புட்டு செல்வாக்கு இல்ல."

எல்லோரும் அவர் பேச்சைத்தான் ரசித்தார்கள்.

தாலி கட்டி முடிந்ததும் குடும்பப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். நான் தூணோரம் நின்றேன். மனைவி வந்து கையைப் பிடித்து இழுத்தாள்.

"கறுப்பு மீசை வேணும்னு உங்ககிட்ட யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல."

"அப்ப வந்து நில்லுங்க."

நின்றேன். அவள் கையை விடவில்லை. அந்தப் படம் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அதில் எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள். நான் மட்டும் சகலையின் மீசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.