கீறல் விழுந்தால் இருபது ரூபாய்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூதக்கண்ணாடியும் கையுமாகப் பழவேற்காட்டில் ஜமீலா அம்மா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு மரப்பெட்டி நிறையப் பழைய ரெக்கார்டுகள். மகன் சவூதியிலிருந்து டேப் ரெக்கார்டர் அனுப்பிவிட்டதால், இனி இவை வேண்டாமாம். சேதி காதில் விழுந்ததும் பொன்னேரியில் முதல் பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

பழைய ரெக்கார்டு வாங்குவதில் எனக்கென்று ஒரு முறை உண்டு. தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிப்பேன். கீறல்களை எண்ணுவேன். நடு ஓட்டையைச் சுற்றித் தேய்மானம் பார்ப்பேன். பிறகு மார்க் போடுவேன் – முதல் தரம், இரண்டாம் தரம், இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாத தரம். தரத்துக்கேற்ற விலை. அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது. பெண் பார்க்கப் போனபோதுகூட நான் இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை.

பளபளவென்று இருந்த ஒன்றை எடுத்தேன். மனசுக்குள் பதினைந்து ரூபாய் என்று மதிப்புப் போட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டேன். “இது எவ்வளவும்மா?”

“அதுவா... அஞ்சு ரூபா குடு தம்பி.”

கோழி கிளறிய மாதிரி இருந்த இன்னொன்றைக் காட்டினேன். “இது?”

“இருபது.”

“ஒரே கீறலா இருக்கேம்மா.”

“இருக்காதா பின்ன? அத தெனம் நாலு தபா போடுவோம். இந்தப் பளபளாவ ஒரு தபா போட்டுட்டு உள்ள வெச்சதுதான். யாருமே கேக்காத தட்டுக்கு இன்னா வெல சொல்றது?”

இப்படியும் ஒருவர் வியாபாரம் செய்வாரா? எனக்கு உள்ளூரச் சிரிப்பு. கீறல் இல்லாத ஆறு தட்டுகளை, அவர் மனம் மாறுவதற்குள் பைக்குள் தள்ளினேன்.

பிறகுதான் அந்த இருபது ரூபாய்த் தட்டின் லேபிளைப் படித்தேன். எங்கள் கல்யாணத்தில், தாலி ஏறிய கையோடு மைக் செட்காரர் போட்ட பாட்டு. அதை எப்படியாவது வாங்கித் தருகிறேன் என்று மனைவி கோமதிக்கு வாக்குக் கொடுத்து ஒன்பது வருஷம் ஆகிறது.

வாங்கினேனா? இல்லை. மூன்றாம் தரத்துக்கு இருபது ரூபாய் கொடுத்தால் என் முறை என்னாவது? “ஆறு ரூபாய்னா எடுத்துக்கறேன்” என்றேன். ஜமீலா அம்மா முடியாது என்று தலையாட்டினார். தட்டைத் தள்ளி வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து ஏழுமலை உள்ளே வந்தார். ஏரிக்கு அக்கரையில் இருக்கும் பசியாவரத்து மீனவர். அந்த வீட்டுக்கு வாடிக்கையாக இறால் கொண்டுவருபவர். கூடையை இறக்கிவிட்டு, நான் தள்ளி வைத்த தட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“நல்லா தேஞ்சி கீது. அப்போ நல்ல பாட்டாத்தான் இருக்கும்” என்றார். மடியிலிருந்து ஈரமான இரண்டு பத்து ரூபாய்த் தாள்களை எடுத்துக் கொடுத்தார். தட்டோடு போய்விட்டார். பாவம், விவரம் தெரியாத மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து என் முதல் தரத்தை ஓடவிட்டேன். ‘ஆங்கில உச்சரிப்புப் பாடம், இரண்டாம் பாகம்.’ அடுத்தது, கோழி வளர்ப்பு பற்றி ஒருவர் நிதானமாக ஆற்றிய உரை. லேபிளைப் படித்திருக்கக் கூடாதா என்கிறீர்களா? கீறல் எண்ணிக்கொண்டிருந்தேனே... நேரம் ஏது?

“நம்ம பாட்டு இருந்துதா?” என்று கேட்டாள் கோமதி.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பெருமையில் உண்மை வந்துவிட்டது. “இருந்துது. கண்டிஷன் சரியில்ல, விட்டுட்டேன்.”

“ஒம்போது வருஷத்துல நாம மட்டும் புதுசாவா இருக்கோம்?” என்றாள். அதற்கப்புறம் நாலு நாள் பேச்சில்லை. வெட்கமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு அவளையும் அழைத்துக்கொண்டு பசியாவரத்துக்குப் படகேறினேன். ஏழுமலையிடம் முப்பது ரூபாய் நீட்டினேன்.

“விக்கறதுக்கா சார் வாங்கனேன்? ஒக்காருங்க, போடறேன்” என்றார்.

பேட்டரியில் ஓடும் சின்ன பிளேயர். பாட்டோடு கூடவே எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரிக் கீறல் சத்தம். பாதியில் முள் சிக்கி, ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வந்தது. ஏழுமலையின் மனைவி கன்னியம்மா சாவகாசமாக வந்து, பிளேயரில் முள் பொருத்திய கைமேல் ஓர் எட்டணாக் காசை வைத்தார். பாட்டு மேலே போயிற்று.

கோமதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இன்னொரு தடவை போடுங்கண்ணா” என்றாள். ஐந்து தடவை போட்டார். கீறல் இருந்ததா என்று இன்றைக்கு அவளைக் கேட்டால், எந்தக் கீறல் என்பாள். பொருளை விட்டு அதன் விலையையும் குறையையும் பார்க்கப் பழகிய கண் நமக்கு. அந்தக் கண்ணுக்குக் காது கேட்பதில்லை.

கிளம்பும்போது கன்னியம்மா, “வாராவாரம் வந்துடு தங்கச்சி” என்று சும்மா ஒரு மரியாதைக்குச் சொன்னார். கோமதி அதை வெறும் மரியாதையாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று ஞாயிறாகப் போய்க்கொண்டிருக்கிறோம்.

பஸ்ஸுக்கும் படகுக்கும் இதுவரை ஆனதை நான் கூட்டிப் பார்க்கவில்லை. கோமதி பார்த்துவிட்டாள்... பார்த்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கும் பஸ் காசை எடுத்து வைத்துவிட்டாள்.